பணிப்பெண் இல்லாத வீட்டில் துணி மூட்டை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

சிங்கப்பூரில் பணிப்பெண் வைத்தால் சம்பளம் போக, அரசாங்கத்துக்குக் கட்டும் தீர்வை மட்டும் மாதம் 300 வெள்ளி. சலுகை கிடைத்தால் 60. வேண்டாம் என்போரை முதலில் மடக்குவது துணிதான். இயந்திரத்தில் முக்கால் பங்குக்கு மேல் திணித்தால் சோப்பு அலசிப் போகாது. நம்மூர் ஈரக்காற்றில் மெல்லக் காயும் துணியில் கிருமி பெருகி முடைநாற்றம் வீசும். துவைத்ததும் எடுத்து உதறி, இரண்டு விரல் இடைவெளி விட்டு, மின்விசிறிக்கு அடியில் காயப்போடுங்கள். முன்பக்கக் கதவு உள்ள இயந்திரமென்றால் ரப்பர் மடிப்பைத் துடைத்துக் கதவைத் திறந்தே வையுங்கள். கறுப்புப் பூஞ்சை குடியிருப்பது அங்கேதான். மடிக்கும் வேலை கணவருக்கும் பிள்ளைகளுக்கும். (கை தேயாது!)

வாசகி, ஈசூன்