செயலாளரின் ஆண்டறிக்கை – 2025

தலைவர் அவர்களுக்கும் செயலவையினருக்கும் உறுப்பினர் அனைவருக்கும் வணக்கம்.

செயலவை மாதம் ஒருமுறை கூடியது. பொங்கல் விழாவும் தீபாவளி உதவிப் பொருள் வழங்கலும் குறையின்றி நடந்தன. கணக்கைப் பொருளாளர் படிப்பார். மாணவர் குறும்படத் திட்டத்தைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன். இவ்வாண்டு நாம் செய்தவற்றில் என் மனத்தை விட்டு அகலாதது அதுதான்.

இடைநிலைப்பள்ளி மாணவர்கள் நான்கு குழுவாகப் பிரிந்து, பினாங்கில் நம்மவர் வாழ்வைப் பற்றிக் குழுவுக்கு ஒரு படம் எடுத்தார்கள். கையில் இருந்தது கைப்பேசியும் இரவல் மைக்கும்தான்.

தைப்பூசத்துக்கு முதல் நாள், பிப்ரவரி 10 அன்று, ஒரு குழு விடியுமுன்பே ரதம் வரும் வழியில் நின்றது. 1894 முதல் ஓடும் நகரத்தார் வெள்ளி ரதத்தையும் 2017இல் வந்த தங்க ரதத்தையும் எடுத்து வருவார்கள் என்று நினைத்திருந்தேன். பிள்ளைகள் கேமராவைச் சாலைப் பக்கம் திருப்பிவிட்டார்கள். சீன அன்பர்களும் நம்மவர்களும் வாசலில் குவித்த தேங்காய்கள், அவை சிதறும் ஓசை, பின்னால் குனிந்து ஓடுகளை அள்ளும் தொழிலாளர்கள். ரதம் ஒரே ஒரு முறை, ஈரத் தாரில் ஒளியாகத் தெரிகிறது. சிறுவயது முதல் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போய்வருகிறேன். அந்த ஓடுகளை அள்ளுவது யார் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

மசாலா அரைத்தவர்களைப் பற்றிய படத்தை எடுத்தவர், கடையநல்லூரிலிருந்து வந்து குடியேறிய குடும்பத்து மாணவி. நாசி கண்டார் என்றதும் சோற்றையும் குழம்பையும் தோள்தண்டில் சுமந்து விற்ற ஆண்களைத்தான் பேசுவோம். அம்மியில் மசாலா அரைத்துக் கொடுத்த பெண்களைப் பேசுவதில்லை. மாணவி எழுதிவைத்த கேள்விகளைப் புத்தகத் தமிழில் வாசித்தபோது அவருடைய நன்னி, அதாவது பாட்டி, வாயே திறக்கவில்லை. தாளை மடித்து வைத்துவிட்டு அம்மியைக் கழுவிக் கொண்டுவந்து எதிரே வைத்தார் மாணவி. அதன் பிறகு நன்னி நிறுத்தவே இல்லை. மிளகாய் அரைத்த கையோடு பிள்ளையைத் தூக்க முடியாது, அழுதாலும் பார்த்துக்கொண்டே அரைக்க வேண்டியதுதான் என்று அவர் சொன்ன இடத்தில், செப்டம்பர் திரையிடலன்று நம் மண்டபத்தில் பல பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன்.

1816இல் பினாங்கு ஃப்ரீ பள்ளியில் தொடங்கிய தமிழ் வகுப்பைப் பற்றிய படம் உழைப்போடு செய்யப்பட்டது. ஆனால் அதில் செய்தி இருந்த அளவுக்கு மனிதர்கள் இல்லை.

நான்காவது படம் டோபி காட் சலவைத் தொழிலாளர்களைப் பற்றியது. வேட்டி எந்த வீட்டுடையது என்று அறிய மூலையில் இடும் குறிகளைப் பற்றி ஒரு பெரியவர் இரண்டு மணிநேரம் பேசினார். படத்தில் வந்தது ஆறு நிமிடம். கைப்பேசியில் இடமில்லாமல் போனதால் மீதியைப் பிள்ளைகள் அழித்துவிட்டார்கள். தவறு அவர்களுடையது அல்ல. பதிவுகளை அன்றன்றே வாங்கி வைத்திருக்க வேண்டியவன் நான். அந்த ஏற்பாட்டைச் செய்யத் தவறினேன். மீண்டும் போனோம். ஐயா அன்போடு வரவேற்றுப் பேசினார். ஆனால் முதல் நாள் குறி குறியாக வரைந்து காட்டியவருக்கு, அன்று பாதி நினைவுக்கு வரவில்லை.

2008இல் நம் பினாங்கின் தலைநகர் ஜார்ஜ்டவுன் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தலமானது. கீழே கடையும் மேலே வீடுமான பழைய கடைவீடுகளைக் காக்கச் சட்டமும் அலுவலகமும் உண்டு. அந்தக் கடைவீடுகளில் பேசிய தமிழை நாம்தான் காக்க வேண்டும். ஆகவே, பெரியவர்களின் பேச்சை வெட்டாமல், அவர்கள் ஒப்புதலோடு, இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில் தனித்தனி இடத்தில் வைக்கவும், பேசியபடியே எழுதி வைக்கவும் இப்பொதுக்கூட்டம் ஒப்புதல் தர வேண்டுகிறேன். வட்டார வழக்கைத் திருத்தாமல் எழுதத் தெரிந்தவர்கள் முன்வர வேண்டும்.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ பேச விரும்பும் பெரியவர்கள் இருந்தால், இன்று தேநீர் இடைவேளையில் என்னிடம் பெயர் கொடுங்கள். தைப்பூசத்துக்கு முன்பே பதிவைத் தொடங்க மாணவர்கள் தயாராக இருக்கிறார்கள்.

இவண்,
செயலாளர்