தாது வருஷப் படத்துக்கு 1943 என்று போடலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பஞ்சம் பற்றிய கட்டுரைகளில், எலும்பும் தோலுமாகச் சிலர் வரிசையாக உட்கார்ந்திருக்கும் படத்தைப் போட்டு 'வங்கப் பஞ்சம், 1943. நன்றி: இணையம்' என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. அப்படிச் சுற்றிவரும் படங்களில் பல 1943இல் எடுத்தவையே அல்ல. 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் மெட்ராஸ் மாகாணத்து மக்களை ராணுவ அதிகாரி டபிள்யூ. டபிள்யூ. ஹூப்பர் எடுத்தவை. செத்தவர்களின் ஊரையும் காலத்தையும் மாற்றி அச்சிடுவது சின்னத் தவறு அல்ல.

சரிபார்க்க அரைமணி நேரம் ஒதுக்கினாலே பெரும்பாலும் போதும். படத்தின் மேல் ஒட்டிய எழுத்து, வாட்டர்மார்க், ஓரச் சட்டம் எல்லாவற்றையும் வெட்டிவிட்டு, படத்தைக் கொடுத்தே தேட உதவும் கூகுள் லென்ஸ், டின்ஐ (TinEye) இரண்டிலும் தேட வேண்டும். கிடைக்காவிட்டால் இடவலமாகத் திருப்பித் தேடலாம். டின்ஐயில் பழையது முதலில், பெரியது முதலில் என்று வரிசைப்படுத்தும் வசதி உண்டு. 'பழையது' காட்டும் தேதி அந்தத் தளம் படத்தை முதலில் கண்ட தேதிதான். படம் எடுத்த தேதி அல்ல. அதை நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள். தேட வேண்டியது பெரிய பிரதியை. மூலப் பிரதியை ஸ்கேன் செய்த நூலகத்திடம்தான் ஓரம் வெட்டாத கோப்பு இருக்கும். படத்தை ஒட்டிய அட்டையில் எழுதிய பெயரும் எண்ணும் அதில்தான் தெரியும். ஆனால் இப்போது ஏஐ பெரிதாக்கிய பிரதிகளும் முன்னால் வந்து நிற்கின்றன. விரல் இடுக்கும் துணி மடிப்பும் மெழுகு பூசினதுபோல் வழவழவென்று இருந்தால் ஒதுக்கிவிடுங்கள்.

படமே சாட்சி சொல்லும். 1870களில் படம் பதித்த கண்ணாடித் தகட்டுக்கு வெளிச்சம் ஏறச் சில விநாடிகள் ஆகும். அதனால்தான் ஆட்களை அசையாமல் உட்காரவைத்து எடுத்திருக்கிறார்கள். அசைந்த கை, தலை கலங்கித் தெரியும். 1943இல் வங்கப் பஞ்சத்தைப் படமெடுத்த சுனில் ஜானா போன்றவர்கள் கையில் பிடித்த கேமராவால் நடமாட்டத்தையே எடுத்தார்கள். ஹூப்பரின் பஞ்சப் படங்கள் லண்டன் வெல்கம் சேகரிப்பிலும் லாஸ் ஏஞ்சலஸ் கெட்டி அருங்காட்சியகத்திலும் உள்ளன. (படம் விற்கும் கெட்டி இமேஜஸ் வேறு நிறுவனம். அங்கே விலை போட்டிருப்பதால் மட்டும் ஒரு படத்துக்குக் காப்புரிமை இருப்பதாக ஆகிவிடாது.)

ஆண்டு தவறினால் காப்புரிமைக் கணக்கும் தவறும். ஹூப்பர் 1912இல் இறந்தவர். அவர் படங்களுக்கு உரிமைச் சிக்கல் இல்லை. ஜானா 2012 வரை வாழ்ந்தவர். எந்தப் படம் எந்த ஆண்டில் எங்கே அச்சானது என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். இந்தியாவில் 1951 முடிவதற்குள் வெளியான படங்களுக்கு உரிமை முடிந்துவிட்டது. காப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தத்துக்குப் பிறகு, அப்போது உரிமை முடியாதிருந்த படங்களுக்கு உரிமைக் காலம், படம் எடுத்தவரின் ஆயுளும் அதற்குப் பிந்தைய 60 ஆண்டும். எடுத்தவர் யாரென்றே தெரியாவிட்டால் வெளியான ஆண்டிலிருந்து 60. எடுத்த ஆண்டை வெளியான ஆண்டாக நினைப்பதுதான் இதில் அடிக்கடி நடக்கும் பிழை. விக்கிமீடியா படத் தொகுப்பில் 'பொதுவுடைமை' (காப்புரிமை இல்லை, யாரும் பயன்படுத்தலாம்) என்ற பட்டை இருப்பதும் சான்று ஆகாது. பதிவேற்றியவர் எவர் வேண்டுமானாலும் அதை ஒட்டலாம். அதே பக்கத்தில் 'மூலம்' என்ற இடத்தில் நூலகமோ இதழோ குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கட்டுரையாளர்களிடம் படத்தோடு எடுத்தவர், இடம், ஆண்டு, வைத்திருக்கும் நிறுவனம், அங்குள்ள பதிவு எண் ஆகியவற்றையும் கேட்டு வாங்குங்கள். 'படம்: டபிள்யூ. டபிள்யூ. ஹூப்பர், மெட்ராஸ் மாகாணம், 1876–78. வெல்கம் சேகரிப்பு, லண்டன்' என்பது ஒரே வரிதான். தெரியாதபோது 'எடுத்தவர் தெரியவில்லை' என்றே போடலாம். அடையாளம் தெரிந்த வாசகர் எழுதுவார்.

இப்படிக்கு,
பழைய ஒளிப்படங்களைத் தொகுக்கும் வாசகர்கள்,
மதுரை