90 நாள் விதியும் நின்றுபோகும் கிரான் வேலைகளும்: பாதுகாப்புக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

தகவல் பாதுகாப்புக் குழுவினருக்கு வணக்கம்.

லினக்ஸ் சர்வர்களில் "எல்லாக் கணக்குகளுக்கும் 90 நாளில் கடவுச்சொல் காலாவதி" என்று சுற்றறிக்கை விடுகிறீர்கள். அந்த "எல்லா"வுக்குள் பேக்கப் எடுக்கும் கணக்கும், சர்வரின் தலைமை நிர்வாகக் கணக்கான ரூட்டும் அடங்கிவிடுகின்றன. இவற்றின் கிரான் வேலைகள் (குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலைகள்) ஓசையில்லாமல் நின்றுபோவது அதனால்தான்.

ஒரு வேலையைத் தொடங்குமுன், அந்தக் கணக்கு செல்லுமா என்று, கணக்குகளைச் சரிபார்க்கும் பாம் (PAM) என்ற அமைப்பிடம் கிரான் கேட்கும். காலாவதி ஆகியிருந்தால் வேலை தொடங்கவே தொடங்காது. கடவுச்சொல்லைப் பூட்டிவைத்த கணக்கும் தப்பாது, கடைசியாக மாற்றிய தேதியைத்தான் பாம் பார்க்கிறது. அந்தத் தேதி ஒவ்வொரு கணக்குக்கும் வேறு. ஆகவே ஒரு சர்வரில் அன்றிரவே நிற்கும், இன்னொன்றில் இரண்டு மாதம் கழித்து நிற்கும். அதற்குள் சுற்றறிக்கை யாருக்கும் நினைவில் இருக்காது.

பிறகு பராமரிப்பவர்கள் கிரானை ரீஸ்டார்ட் செய்வார்கள், கிரான்டேப் (கிரான் வேலைகளின் பட்டியல்) வரிகளைத் திரும்ப எழுதுவார்கள். ரெட் ஹாட் வகை சர்வரில் ரூட்டிலிருந்து அந்தக் கணக்குக்கு மாறி ஸ்கிரிப்ட்டைக் கையால் ஓட்டினால் ஓடியும் விடும். குழப்பம் இன்னும் கூடும். பார்க்க வேண்டிய இடம் /வார்/லாக்/செக்யூர் (/var/log/secure) என்ற பதிவுக் கோப்பு. டெபியன், உபுண்டு என்றால் ஆத்.லாக் (auth.log). "எக்ஸ்பயர்டு பாஸ்வேர்டு ஃபார் யூசர்" (expired password for user) என்ற வரி அங்கே கிடந்தால் வேறெதையும் தேட வேண்டாம்.

சரிசெய்ய ஒரே கட்டளை போதும்: சேஜ் -எம் -1 (chage -M -1), பின்னால் கணக்கின் பெயர். அந்த எம் பெரிய எழுத்தாக இருக்க வேண்டும். சிறிய எழுத்து குறைந்தபட்ச நாள்களைத்தான் மாற்றும், காலாவதி அப்படியே நிற்கும். கிரானை ரீஸ்டார்ட் செய்யத் தேவையில்லை.

ரூட் காலாவதியானால் சேதம் பெரிது. பழைய லாக் கோப்புகளைச் சுழற்றி நீக்கும் லாக்ரொட்டேட் கிரான் வழியாக ஓடும் பழைய பதிப்புகளில் லாக் கோப்புகள் வளர்ந்துகொண்டே போய் டிஸ்க்கை நிரப்பிவிடும்.

எங்கள் கோரிக்கை இதுதான். ஆள் உள்நுழையாத சேவைக் கணக்குகளைத் தனிப் பட்டியலாக எடுத்து, 90 நாள் விதியிலிருந்து விலக்குங்கள். அவற்றின் கடவுச்சொல்லைப் பூட்டி, ஷெல்லை (கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்) நோலாகின் ஆக்கி, யாரும் உள்நுழைய முடியாமல் செய்யுங்கள். கிரான்டேப்பில் ஷெல் எது என்று குறிக்காவிட்டால் கிரான் /bin/sh வழியாகத்தான் வேலையை ஓட்டும், ஆகவே நோலாகின் அதைத் தடுக்காது. காரணமில்லாமல் குறித்த இடைவெளியில் கடவுச்சொல்லை மாற்றச் சொல்ல வேண்டாம் என்று அமெரிக்காவின் தரநிர்ணய அமைப்பான என்.ஐ.எஸ்.டி. 2017லேயே பரிந்துரைத்துவிட்டது. மனிதக் கணக்குகளுக்கே அப்படி என்றால் இவற்றுக்கு 90 நாள் எதற்கு?

இன்னொன்று: கிரான் மெயிலை நம்பாதீர்கள். வேலை ஓடினால்தான் அதன் வெளியீடு மெயிலாக வரும். தினசரி பேக்கப் என்றால், கடைசிக் கோப்புக்கு 26 மணி நேரம் தாண்டியதும் எச்சரிக்கும் சோதனையை வேறொரு சர்வரில் வையுங்கள்.

அடுத்த சுற்றறிக்கைக்கு முன் ஒவ்வொரு சேவைக் கணக்குக்கும் சேஜ் -எல் (chage -l) தட்டிப் பாருங்கள். "பாஸ்வேர்டு எக்ஸ்பயர்ஸ்" என்ற வரியின் எதிரே "நெவர்" என்று இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
சர்வர் பராமரிப்பவர்கள்