சிப் வந்தால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்னை ஐஐடியின் ‘சக்தி’, மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் ‘வேகா’ எனச் சொந்த சிப் பற்றிய செய்திகள் அடிக்கடி வருகின்றன. மதுரை வட்டாரப் பொறியியல் மாணவர்களும் இறுதியாண்டு புராஜெக்ட்டுக்குப் புதுப்புது போர்டுகளை எடுக்கிறார்கள். ஆனால் அவற்றில் லினக்ஸ் ஓட, எந்தச் சாதனம் எங்கே இருக்கிறது என்று சொல்லும் ‘டிவைஸ் ட்ரீ’ கோப்பு வேண்டும் என்பதையும், எழுதுவதைவிட அதைச் சரிபார்ப்பதே பெரிய வேலை என்பதையும் வகுப்பில் யாரும் பேசுவதில்லை.

கம்ப்யூட்டரில் ஒரு கார்டைச் செருகினால் தான் இன்னதென்று அதுவே சொல்லிவிடும். சிப்புக்குள் இருக்கும் யுஏஆர்டி (சீரியல் போர்ட்), ஐ2சி (சிறு சாதனங்களை இணைக்கும் இரு கம்பி வழி), ஜிபிஐஓ (பொதுப் பயன்பாட்டுப் பின்கள்) சொல்லாது. எந்த முகவரி, எந்த இன்டரப்ட் (சாதனம் பிராசஸரை அழைக்கும் சைகை), எந்த கிளாக் (துடிப்பு) என்று நாம்தான் எழுதித் தர வேண்டும்.

ஒரு பேட்ச் (கோப்பில் செய்த மாற்றம்) கைக்கு வந்ததும் சரிபார்ப்பவர்கள் ‘டிடி_பைண்டிங்_செக்’, ‘டிடிபிஎஸ்_செக்’ என்ற சோதனைக் கருவிகள் இரண்டையும் ஓட்டுவார்கள். நோடு (கோப்பில் ஒரு சாதனத்துக்கான பகுதி) பெயரில் உள்ள முகவரியும், முகவரியைத் தரும் ‘ரெக்’ வரியும் ஒத்துப்போகாவிட்டால், கட்டாய வரி விடுபட்டால் அங்கேயே மாட்டிக்கொள்ளும். எச்சரிக்கை ஏதும் வரவில்லை என்றதும் பலர் கோப்பை மூடிவிடுகிறார்கள். இதுதான் தப்பு. கருவி பார்ப்பது இலக்கணத்தை. எண் உண்மையா என்பது சிப் மேனுவலிலும் சர்க்யூட் படத்திலும்தான் இருக்கிறது.

மேனுவலில் யுஏஆர்டி இன்டரப்ட் 72 என்றிருந்தால், ஆர்ம் சிப்பில் இன்டரப்ட்களைக் கையாளும் ஜிஐசிக்கு எஸ்பிஐ (பொதுவான சாதன இன்டரப்ட் வகை) 40 என்று எழுத வேண்டும். முதல் 32 எண்கள் வேறு வகைக்குப் போய்விடுகின்றன. சில மேனுவல்கள் கழித்தே அச்சிட்டிருக்கும். அட்டவணை 0-இல் தொடங்குகிறதா, 32-இலா என்று பார்த்தே ஆக வேண்டும். ரிஸ்க்-5 சிப்பில் அதே வேலையைச் செய்யும் பிஎல்ஐசியில் இந்தக் கழித்தலே கிடையாது. ஆர்மில் பழகிய கை அங்கேயும் 32-ஐக் கழித்துவிடும். எண் தப்பினால் பூட் செய்திகள் ஒழுங்காக ஓடும், ஏனென்றால் லினக்ஸின் மையமான கெர்னல் அவற்றை இன்டரப்ட் இல்லாமலேயே அனுப்பிவிடும். லாகின் வரும் இடத்தில் திரை உறைந்து நிற்கும். கேபிளில் கோளாறு என்று கேபிளை மாற்றிக்கொண்டிருப்பார்கள்.

சின்ன ஓலெட் திரையின் முதுகில் ஹெக்ஸ் 78 என்று அச்சிட்டிருக்கும் ஐ2சி முகவரி, எழுதும் பிட்டையும் சேர்த்த 8 பிட் எண். கோப்பில் 7 பிட் எண்ணான 3சி வர வேண்டும். 78-உம் 7 பிட்டுக்குள் அடங்கிவிடுவதால் கருவி வாய் திறக்காது.

மோட்டாரை ஆன்-ஆஃப் செய்யும் ரிலே விஷயம் இன்னும் மோசம். கடையில் கிடைக்கும் ரிலே மாட்யூல்கள் பலவும் உள்ளீடு 0 வோல்ட்டுக்கு இறங்கினால்தான் ‘ஆன்’ ஆகும். ‘ஆக்டிவ் லோ’ என்று எழுத வேண்டும். வேறொரு போர்டிலிருந்து ‘ஆக்டிவ் ஹை’ வரியை எடுத்து ஒட்டினால், நிறுத்தச் சொன்ன நேரத்தில் மோட்டார் ஓடும். மேலூர்ப் பக்கத்துத் தோப்பில் தண்ணீர் வற்றிய போர்வெல்லில் அப்படி ஓடினால் மோட்டாரின் கம்பிச் சுருள் கருகிவிடும்.

எந்த டிரைவர் (சாதனத்தை இயக்கும் மென்பொருள்) பொருந்தும் என்று காட்டும் ‘கம்பேட்டிபிள்’ வரியில் சிப்பின் முழுப் பெயர் இருக்க வேண்டும். குடும்பம் முழுவதற்கும் பொதுவாக ‘எக்ஸ்’ போட்டு எழுதுவதை ஏற்கக் கூடாது. நாளை அந்த ஒரு சிப்பில் மட்டும் குறை தெரிந்தால், களத்தில் இருக்கும் பழைய கோப்பை வைத்து அதை டிரைவரால் பிரித்தறிய முடியாது. பைண்டிங் (ஒரு சாதனத்துக்கு என்னென்ன வரிகள் வேண்டும் என்ற விதி) பேட்ச் முதலில், டிரைவர் அடுத்து, போர்டு கோப்பு தனியாக என்பது வரிசை.

வரும் பருவத்தில் எம்பெடட் புராஜெக்ட் எடுக்கும் ஒவ்வொரு குழுவும் இன்னொரு குழுவின் பேட்ச்சைச் சரிபார்க்கட்டும். கல்லூரிகள் அதற்குத் தனி மதிப்பெண் தரலாம். முகவரி, இன்டரப்ட், ஜிபிஐஓ ஒவ்வொன்றின் பக்கத்திலும் மேனுவலின் பக்க எண்ணை எழுதச் சொல்ல வேண்டும். மேனுவலே கிடைக்காத சிப்பை அந்த வகுப்புக்கு வாங்காமலிருப்பதே மேல்.

– எம்பெடட் மென்பொருள் துறை வாசகர்,
பசுமலை, மதுரை.