53 விழுக்காடு எலும்பு, எத்தனை மாடு?

ஆசிரியருக்கு வணக்கம்.

கீழடியில் கிடைத்த எலும்புகளில் 53 விழுக்காடு காளை, பசு, எருமை, ஆடு என்று ஒரு வரி எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே அந்த ஊர்க்காரர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்பதற்குத் தாவிவிட்டது உங்கள் கட்டுரை. கொஞ்சம் பொறுங்கள்.

2019இல் தமிழ்நாடு தொல்லியல் துறை வெளியிட்ட அறிக்கைக்காகப் புனே டெக்கான் கல்லூரியில் ஆராய்ந்தது 70 மாதிரிகளைத்தான். அதில் 53 விழுக்காடு என்றால் சுமார் 37 துண்டுகள். 37 துண்டு என்பது 37 விலங்கு இல்லை, ஒரே மாட்டின் தொடை எலும்பு உடைந்து பத்துத் துண்டாகக்கூடக் கணக்கில் ஏறிவிடும். அதனால்தான் இந்த வேலை தெரிந்தவர்கள் துண்டை எண்ணுவதோடு விடாமல், இடப்பக்கத் தாடை எத்தனை, வலப்பக்கத் தாடை எத்தனை என்று பிரித்து வைத்து (ஒரு விலங்குக்குப் பக்கத்துக்கு ஒன்றுதானே), குறைந்தது எத்தனை விலங்கு இருந்திருக்கும் என்றும் பார்க்கிறார்கள். சாப்பாட்டுக்கு நேரடிச் சாட்சி வெட்டுத் தடயம். கலைமான், வெள்ளாடு, காட்டுப்பன்றி எலும்புகளில் அது இருந்ததாக அதே அறிக்கை சொல்கிறது. உங்கள் கட்டுரையில் அதைக் காணோம்!

நான் கால்நடைத் துறையில் இருந்தவன். உயிரோடு நிற்கும்போது வெள்ளாடு எது, செம்மறி எது என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லும், ஆனால் உடைந்த விலா எலும்பைக் கையில் கொடுத்தால் என்னாலும் முடியாது. கொம்புக்குள் இருக்கும் எலும்பு, குளம்புப் பக்கத்துக் கால் எலும்பின் அடிமுனை என்று சில இடங்களில்தான் வித்தியாசம் பிடிபடும். அதுவும் கிடைக்காவிட்டால் எலும்பில் இருக்கும் கொலாஜன் என்ற புரதத்தை ஆய்வகத்தில் சோதிக்கவேண்டும், அதற்குப் புரதம் அழியாமல் மிஞ்சியிருக்கவேண்டும்.

அப்புறம் மீன். கத்தாழை மீன் தலையைச் சாப்பிட்டவர்களுக்குத் தெரியும், பல்லில் வெள்ளையாக ஒரு கல் தட்டும். அது மீனின் காதுக்கல். அதன் வடிவத்தை வைத்து என்ன மீன் என்றும், உள்ளே இருக்கும் வளையங்களை வைத்து என்ன வயது என்றும் சொல்லிவிடலாம். கடலிலிருந்து பல நூறு கிலோமீட்டர் உள்ளே இருக்கும் ஹரப்பாவில் கடல் கெளுத்தி எலும்பு கிடைத்திருக்கிறது, அவ்வளவு தூரத்துக்குக் கருவாடாகத்தான் போயிருக்கவேண்டும். ஆனால் இதெல்லாம் மண்ணைச் சலித்தால்தான் கிடைக்கும். சல்லடைக் கண் பெரிதாக இருந்தால் மாட்டெலும்பு நிற்கும், அயிரை முள் மண்ணோடு போய்விடும். கடைசியில் அந்த ஊரில் மீனே தின்னவில்லை என்று நாம் எழுதிக்கொண்டிருப்போம்.

அடுத்தமுறை உங்கள் நிருபர் அகழாய்வுக் குழிப் பக்கம் போனால், மண்ணைச் சலித்தீர்களா, சல்லடைக் கண் என்ன அளவு, இன்னதென்று தெரியாமல் ஒதுக்கிய துண்டுகள் எத்தனை என்று கேட்டு, அதையும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர் ஒருவர்,
திருமங்கலம்