‘கடலுக்குச் செல்ல வேண்டாம்’ என்பது பாதிச் செய்தி

கடல் வானிலை எச்சரிக்கை தயாரிப்போருக்கும், அதைக் குமரி மாவட்டத் துறைமுகங்களுக்குக் கொண்டுசேர்க்கும் அலுவலர்களுக்கும் ஒரு திறந்த மடல்

ஐயா, அம்மையீர்,

“குமரிக்கடல், மன்னார் வளைகுடா, தென்தமிழகக் கடலோரப் பகுதிகளில் மணிக்கு 40 முதல் 50 கிலோமீட்டர் வேகத்திலும், இடையிடையே 60 கிலோமீட்டர் வேகத்திலும் காற்று வீசக்கூடும். மீனவர்கள் இப்பகுதிகளுக்குச் செல்ல வேண்டாம்.” கரையில் நிற்பவருக்கு இது போதும், வள்ளத்தை மேட்டில் ஏற்றி வைத்துவிடுவார். 200 கடல் மைலுக்கு அப்பால் தூண்டில் போட்டுக்கொண்டிருக்கும் ஸ்ராங்குக்கு, அதாவது படகை நடத்துபவருக்கு, இதில் ஒன்றும் இல்லை. எந்தப் பக்கம் விலகுவது, எத்தனை மணிக்குள் விலகுவது என்பதே அவருடைய கேள்வி.

கணக்கைப் பாருங்கள். தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை பகுதி ஆழ்கடல் விசைப்படகு அமைதியான கடலில் மணிக்கு சுமார் 7 கடல் மைல் ஓடும். 200 மைல் திரும்பி வர 28 மணி நேரத்துக்கு மேல் ஆகும். எதிர்க்காற்றும் எதிரலையும் வந்து வேகம் 4 மைலாகக் குறைந்தால் இரண்டு பகல், இரண்டு இரவு. 2017 நவம்பர் 29 முற்பகலில் இலங்கைக்குத் தென்கிழக்கே காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக இருந்தது, 30ஆம் தேதி அதிகாலையில் ஆழ்ந்த தாழ்வு மண்டலமாகி, அன்று முற்பகலிலேயே குமரிக்கடலில் ஒக்கி புயலாகிவிட்டது. ஏறத்தாழ 24 மணி நேரம். அந்த நேரத்தில் எங்கள் படகு ஓடக்கூடிய அதிகபட்ச தூரம் 168 மைல்தான். “உடனே கரை திரும்புங்கள்” என்ற கட்டளை சரியான நேரத்தில் கிடைத்தாலும் கரை எட்டாது.

எட்டாததோடு போகவில்லை, சில நேரம் கரையை நோக்கி ஓடுவதே ஆபத்து. நம் கடலில் புயலின் காற்று இடஞ்சுழியாகச் சுற்றும். புயல் நகரும் திசையைப் பார்த்து நின்றால், வலப்பக்கத்தில் சுழலும் காற்றின் வேகத்தோடு புயல் நகரும் வேகமும் சேரும். அங்குள்ள காற்று படகைப் புயலின் பாதைக்குள்ளேயே தள்ளவும் செய்யும். மேற்காகவோ வடமேற்காகவோ நகரும் புயலுக்கு அந்த வலப்பக்கம் எங்கள் கரையிருக்கும் பக்கம். தென்மேற்கே நிற்கும் படகு ஊரைப் பார்த்து வடகிழக்காக ஓடினால் புயலின் முகத்தைக் குறுக்கே கடக்க நேரிடலாம். ஆகவே மையம் எங்கே, எத்திசையில், மணிக்கு எத்தனை கிலோமீட்டர் நகர்கிறது என்ற மூன்றும் மீனவர் எச்சரிக்கையின் முதல் வரியிலேயே வேண்டும். தொடர்பு அறுந்த படகுக்கு ஒரு பழைய விதி உதவும்: காற்றை முகத்தில் வாங்கி நின்றால் மையம் வலக்கைப் பக்கம், சற்றுப் பின்தள்ளி இருக்கும். பயிற்சி வகுப்புகளில் இதைச் செய்துகாட்டி விளக்குங்கள்.

அடுத்து, குமரிக்கடல் ஒரே கடல் அல்ல. மீன்பிடித் தடைக்காலத்துக்கு அரசே இம்மாவட்டத்தை இரண்டாகப் பிரித்திருக்கிறது: கிழக்குப் பகுதிக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குப் பகுதிக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. எச்சரிக்கையில் மட்டும் ஏன் ஒரே பெயர்? டிசம்பர், ஜனவரியில் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையில் நெருக்கப்பட்டு வரும் வாடைக்காற்று சின்னமுட்டத்துக்கு வெளியே கடலைக் கொந்தளிக்க வைக்கும். அதே நாளில் குளச்சலுக்கு மேற்கே, மலை மறைப்பில், கரையோரக் கடல் படுத்திருக்கும். ஜூன், ஜூலையில் நிலைமை தலைகீழ். மேற்குக் கரையில் அலை நேராக அறையும். கிழக்கே, ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் பாயும் மேற்குக் காற்று கரையோரம் பெரிய அலையை எழுப்பாது, ஆனால் எஞ்சின் நின்ற வள்ளத்தைக் கடலுக்குள் கொண்டுபோய்விடும். இரண்டும் ஆபத்து, ஆனால் ஒரே ஆபத்து அல்ல. முழு மாவட்டத்துக்கும் ஐந்து நாள் தடை சொல்லிவிட்டு, பாதிக் கரையில் கடல் குளம்போல் கிடந்தால் அடுத்த எச்சரிக்கையை யார் மதிப்பார்?

எனவே இடத்தைப் பெயரால் மட்டும் சொல்லாமல் அட்சரேகை, தீர்க்கரேகையின் டிகிரி, மினிட்டால் சொல்லுங்கள். தசமத்தில் வேண்டாம். வடக்கு 7.5 டிகிரி என்றால் 7 டிகிரி 30 மினிட். வயர்லெஸில் அதைக் கேட்டு 7 டிகிரி 5 மினிட் என்று ஜிபிஎஸ்ஸில் போட்டுவிட்டால் 25 கடல் மைல் பிசகிவிடும்.

அலை விஷயத்துக்கு வருவோம். நீங்கள் சொல்லும் ‘அலை உயரம்’, எல்லா அலைகளிலும் மிக உயரமான மூன்றில் ஒரு பங்கின் சராசரி. 2.5 மீட்டர் என்றால், சில மணி நேரத்தில் 4.5 மீட்டருக்கு மேலும் ஒரு அலை வரும் என்று பொருள். இதை எச்சரிக்கையில் வெளிப்படையாகச் சொல்வதில்லை. உயரத்தைவிட எங்களுக்கு முக்கியமானது இரண்டு அலைகளுக்கு இடைப்பட்ட நேரம். 6 வினாடி அலையின் நீளம் ஆழ்கடலில் சுமார் 56 மீட்டர்; 14 வினாடி அலைக்கு 300 மீட்டருக்கு மேல். ஒரே 2.5 மீட்டர் உயரம், ஆனால் முன்னது செங்குத்து, படகை அடித்து உடைக்கும்; பின்னதில் ஆழ்கடல் படகு ஏறி இறங்கிக்கொள்ளும். ஆறு கடலில் சேரும் பொழிமுகத்தில் கதை மாறிவிடும். நீண்ட அலை ஆழம் குறையக் குறைய நிமிர்ந்து எழும். தேங்காய்ப்பட்டணம் முகத்துவாரத்தில் மணல் மேடிட்டிருக்கையில் மடங்கி விழும். மழைக்காலத்தில் குழித்துறை ஆற்று நீர் எதிரே பாய்ந்து வந்தால் இன்னும் செங்குத்தாகும். கடல் நடுவில் பிழைத்தவர்கள் துறைமுக வாசலில் படகு கவிழ்ந்து இறப்பது இதனால்தான். துறைமுக வாசலுக்கென்று தனியாக அலை இடைவெளி, திசை, ஓதநேரம் (கடல் நீர் ஏறி இறங்கும் நேரம்) ஆகிய மூன்றையும் காலை, மாலை பலகையில் எழுதிவையுங்கள்.

காற்றில்லாமலே திடீரெனப் பொங்கிவரும் கள்ளக்கடலும் இதே வகை. தெற்கு இந்தியப் பெருங்கடலின் புயல்களில் பிறந்த 16 வினாடி அலைக்கூட்டம் மணிக்கு சுமார் 45 கிலோமீட்டர் வேகத்தில் வரும். 5,000 கிலோமீட்டரைக் கடக்க ஏறத்தாழ ஐந்து நாள். முன்கூட்டியே சொல்ல இவ்வளவு அவகாசம் தரும் ஆபத்து வேறில்லை. இங்கே காற்றே இராது, வானம் வெளுத்திருக்கும். அதனால்தான் வெளியூர்க்காரர் நம்புவதில்லை. 2024 மே 6 அன்று எங்கள் மாவட்டத்தின் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் இறந்தது இத்தகைய எச்சரிக்கை நடப்பில் இருந்தபோதுதான். கள்ளக்கடல் நாள்களில் அறிவிப்பு கைப்பேசியில் வந்தால் மட்டும் போதாது, கடற்கரைக்குச் செல்லும் பாதையை மூட வேண்டும்.

செய்தி போய்ச் சேரும் வழி இன்னொரு சிக்கல். சாதாரண விஎச்எஃப் வயர்லெஸ் கரையிலிருந்து 25, 30 கடல் மைலுக்குள்தான் தெளிவாகக் கேட்கும். அதற்கப்பால் பெரும்பாலும் படகிலிருந்து படகுக்கு வாய்மொழியாகக் கடத்துகிறோம். ஒவ்வொரு கைமாறலிலும் ஒரு விவரம் உதிரும். “அடுத்த 24 மணி நேரம்” என்ற சொல் எட்டு மணி நேரம் கழித்து வந்து சேர்ந்தால், எதிலிருந்து 24? வாட்ஸ்அப்பில் தேதியற்ற பழைய எச்சரிக்கை புதியதுபோல் சுற்றுவது தனிக்கதை. கோயில் மைக்கில் வாசித்தாலும், வயர்லெஸில் சொன்னாலும், பலத்த காற்று அறிவிப்பு இந்த மாதிரியில் வரட்டும்; புயலென்றால் மேலே சொன்ன மையம், திசை, வேகம் மூன்றும் முதல் வரியில் சேரட்டும்:

“அறிவிப்பு எண் 3. 12ஆம் தேதி மாலை 5 மணி. வடக்கு 6 டிகிரி 00 மினிட் முதல் 8 டிகிரி 00 மினிட் வரை, கிழக்கு 75 டிகிரி 00 மினிட் முதல் 77 டிகிரி 00 மினிட் வரை. 13ஆம் தேதி காலை 6 மணி முதல் 14ஆம் தேதி இரவு 10 மணி வரை. காற்று வடகிழக்கிலிருந்து மணிக்கு 45 கிலோமீட்டர், உச்சம் 60. அலை 3 மீட்டர், 8 வினாடி. விலக வேண்டிய பக்கம் வடமேற்கு. அறிவிப்பு எண் 2 ரத்து. அடுத்தது இரவு 11 மணிக்கு.”

இரண்டு நிமிடத்துக்குள் இருமுறை வாசித்துவிடலாம். நேரம் இந்திய நேரமாகவே இருக்கட்டும். நீரோடிக்கு அடுத்த ஊர் பொழியூர் கேரளம். எங்கள் படகுகள் பல கொச்சியில் கரையேறுபவை. இரு மாநிலங்களுக்கான எச்சரிக்கைகளும் ஒரே டிகிரி, மினிட் கட்டத்தைப் பயன்படுத்தினால் நடுவில் நிற்பவர் இரண்டையும் ஒட்டிப் பார்க்கத் தேவையிராது.

பதிலுக்கு எங்களால் தரக்கூடியதும் உண்டு. வானிலை அளக்கும் மிதவைகள் இல்லாத கடலில் எங்கள் படகுகள் நிற்கின்றன. ஒரு காற்றழுத்தமானியும், படகில் பொருத்தியுள்ள இருவழித் தொடர்புக் கருவியும் போதும். வெப்பமண்டலக் கடலில் அழுத்தம் தினமும் காலை 10, இரவு 10 மணியளவில் ஏறி, அதிகாலை 4, மாலை 4 மணியளவில் இறங்கும். அந்த இறக்கத்தைப் பார்த்துப் பயந்து பயனில்லை. நேற்று இதே மணியில் இருந்ததைவிட 3 மில்லிபார் குறைந்திருந்தால்தான் சேதி. இடம், மணி, அழுத்தம், காற்றுத் திசை, அலை வினாடி என்று ஐந்து விவரங்களை நாளுக்கு இருமுறை அனுப்ப எங்கள் ஸ்ராங்குகள் தயார். அவற்றை வாங்கி வைக்க உங்கள் பக்கம் இரவிலும் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். அக்டோபருக்குள் அந்த ஏற்பாட்டைச் செய்து, எந்த வடிவில் அனுப்ப வேண்டும் என்று தேங்காய்ப்பட்டணம், குளச்சல், முட்டம், சின்னமுட்டம் துறைமுகங்களில் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
கன்னியாகுமரி மாவட்ட ஆழ்கடல், கரைக்கடல் மீன்பிடிப் படகோட்டிகள்