ஆறு நிமிடம் விளையாடிய பிள்ளை

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பருவம் முடிந்ததும் முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் நால்வரைப் பற்றியும் ஆளுக்கொரு பக்கம் மதிப்பீடு எழுதித் தருமாறு உங்கள் கூடைப்பந்தாட்ட அணியின் தலைமைப் பயிற்றுநர் உன்னிடம் கேட்டதாகவும், மூவரை எழுதி முடித்து நான்காமவளில் வந்து நின்றுவிட்டதாகவும் எழுதியிருந்தாய். "20 ஆட்டங்களில் சராசரியாக ஆறு நிமிடம் மட்டும் விளையாடிய பிள்ளையைப் பற்றி நான் என்ன எழுதுவது, அப்பா?" என்ற வரியை இரண்டு நாளாக மனதில் சுமந்துகொண்டு திரிகிறேன்.

நீ அனுப்பிய அட்டவணையில் 28 நிமிடம் விளையாடி 11 புள்ளி எடுத்தவளும், ஆறு நிமிடம் விளையாடி இரண்டு புள்ளி எடுத்தவளும் அடுத்தடுத்த வரியில் நிற்கிறார்கள். எனக்கு உறுத்தியது அதுதான். ஓர் ஆட்டம் 40 நிமிடம், திடலில் ஐவர். ஆகவே ஓர் அணிக்குப் பங்கிட உள்ளவை 200 நிமிடங்கள் மட்டுமே. அவற்றைப் பன்னிரண்டு பேருக்குள் பங்கிடும்போதே பயிற்றுநர் ஒரு மதிப்பீட்டைச் செய்துவிடுகிறார். பருவ முடிவில் நாம் மொத்தப் புள்ளிகளைப் பார்த்து ஒரு பிள்ளையை எடைபோட்டால், அவர் தொடக்கத்தில் கொண்ட எண்ணத்தையே இன்னொரு தடவை, இம்முறை எண்களின் உடுப்பை அணிவித்து, எழுதுகிறோம். அவள் குறைவாக எடுத்ததால் குறைவாக விளையாடினாளா, குறைவாக விளையாடியதால் குறைவாக எடுத்தாளா என்ற கேள்விக்கு அந்த அட்டவணையில் விடை இல்லை.

இது நம் போன்ற சிறிய அணிகளில் மட்டும் நடப்பதன்று. பரி ஸ்டோ, ஹா ஹோவாங் என்ற இரு ஆய்வாளர்கள் 1980களில் வட அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தாட்டத் தொடரான என்.பி.ஏ.வுக்குத் தெரிவான வீரர்களை ஆராய்ந்து 1995இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். திடலில் செய்து காட்டியதைக் கணக்கில் எடுத்த பின்னரும், ட்ராஃப்டில், அதாவது அணிகள் புதிய வீரர்களை முறைவைத்துத் தெரிவுசெய்யும் நிகழ்வில், முன்வரிசையில் எடுக்கப்பட்டவர்களுக்கு அதிக நிமிடங்கள் கிடைத்தன; அவர்கள் அணியில் நீண்ட காலம் வைத்துக்கொள்ளவும் பட்டார்கள். பெரும் விலை கொடுத்து எடுத்தவரை மாற்று வீரர்களின் வாங்கில் உட்கார வைக்க மனம் வருவதில்லை. உன் அணியில் உதவித்தொகை கொடுத்து அழைத்து வரப்பட்டவள் யார், தானாக வந்து தேர்வில் சேர்ந்தவள் யார் என்று நீ எழுதவில்லை. அதை எனக்கு எழுது. இந்தக் கணக்கில் அதற்கு இடமுண்டு.

நிமிடங்களின் வித்தியாசத்தைச் சரிசெய்ய எல்லாரும் கையாளும் வழி உனக்குத் தெரியும்: எடுத்த புள்ளிகளை விளையாடிய நிமிடங்களால் வகுத்து, 36ஆல் அல்லது 40ஆல் பெருக்குவது. நான் நாற்பது வருடம் கணிதம் படிப்பித்தவன் என்பதால் இந்தப் பெருக்கலில் எனக்கு மதிப்பும் உண்டு, பயமும் உண்டு. இது சில வேளைகளில் உண்மையைக் காட்டிக் கொடுக்கும். நிக்கோலா யோக்கிச் 2014 ட்ராஃப்டில் 41ஆவதாக எடுக்கப்பட்டவர். 2015-16இல், தமது முதற் பருவத்தில், ஆட்டத்துக்கு ஏறத்தாழ 22 நிமிடம் விளையாடி 10 புள்ளியும் 7 ரீபவுண்டும் (எறிகை தவறித் தெறிக்கும் பந்தைக் கைப்பற்றுவது) எடுத்தார். பத்துப் புள்ளி என்றால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். 36 நிமிடத்துக்கு மாற்றினால் பதினாறுக்கு மேல் போகிறது. பின்னர் மூன்று தடவை அதிசிறந்த வீரர் விருது பெற்றவரின் தடயம் அங்கே தெரிகிறது.

ஆனால் உன் பிள்ளையின் ஆறு நிமிடத்தை அவ்வாறு பெருக்கிப் பார். ஆட்டத்துக்கு ஒன்றரை ஃபவுல் (விதிமீறல்) செய்திருக்கிறாள். 40 நிமிடத்துக்கு அது பத்து. ஐந்தாவதோடு வெளியே போய்விடுவாள் என்பதால் பத்து என்ற எண்ணே நடக்க முடியாதது. நீண்ட நேரம் நிற்கப் போகிறேன் என்று தெரிந்தால் அவள் அப்படி விழுந்தடித்துத் தடுக்கவும் மாட்டாள். ஆறு நிமிட ஆட்டமும் முப்பது நிமிட ஆட்டமும் வேறு வேறு ஆட்டங்கள். இளைப்பாறிய கால்களோடு எதிரணியின் இரண்டாம் வரிசையை எதிர்கொள்வதும், களைத்த கால்களோடு கடைசிக் கால்பகுதியில் அவர்களின் மிகச் சிறந்தவளைக் காவல் செய்வதும் ஒன்றல்ல.

அவளுடைய மூன்று புள்ளி எறிகைகளைப் பற்றி "பலவீனம்" என்று குறித்திருக்கிறாய். 25 எறிந்து ஆறு விழுந்திருக்கின்றன. மூன்றில் ஒன்றை விழுத்தக்கூடிய நல்ல கை உள்ள ஒருத்தி 25 எறிந்தால் எட்டு விழும் என்று எதிர்பார்ப்போம். ஆனால் வெறும் தற்செயலால் அவளுக்கு ஆறோ அதற்குக் குறைவாகவோ விழுவது ஏறத்தாழ ஐந்து தடவையில் ஒரு தடவை நடக்கும். இரண்டு பந்துகள் வளையத்தில் பட்டுத் தெறித்த பக்கம்தான் நல்ல கைக்கும் பலவீனமான கைக்கும் இடையிலான வித்தியாசம். அந்தச் சொல்லை வெட்டிவிடு, மகள். 25 எறிகை போதாது என்று எழுதுவது பயிற்றுநருக்குப் பிடிக்காமல் போகலாம், ஆனால் அது சரி.

மறுபுறத்தையும் பார்க்க வேண்டும். 28 நிமிடக்காரியின் பக்கத்தை நீ ஒரே மூச்சில் எழுதியிருக்கிறாய் என்று தெரிகிறது. 2013 ட்ராஃப்டில் மைக்கல் கார்ட்டர்-வில்லியம்ஸ் 11ஆவது, யானிஸ் அன்டெடோகௌன்ம்போ 15ஆவது. முன்னவர் பிலடெல்பியாவில் ஆட்டத்துக்கு 34 நிமிடத்துக்கு மேல் விளையாடி, 16.7 புள்ளி எடுத்து, அவ்வருடத்தின் சிறந்த புதுமுக வீரர் விருதைப் பெற்றார். அந்த அணி 82 ஆட்டங்களில் 19ஐ மட்டுமே வென்றது. பந்தைக் கையில் வைத்திருக்க வேறு ஆள் அங்கே குறைவு, அவருடைய எறிகைகளில் நூற்றுக்கு நாற்பதே விழுந்தன. யானிஸ் மில்வாக்கியில் ஏறத்தாழ 25 நிமிடம் விளையாடி 6.8 புள்ளி எடுத்தார். இரண்டாம் பருவத்தின் நடுவிலேயே பிலடெல்பியா கார்ட்டர்-வில்லியம்ஸை மாற்றிக் கொடுத்துவிட்டது. அவர் போய்ச் சேர்ந்ததும் மில்வாக்கிக்குத்தான். யானிஸ் 2019இலும் 2020இலும் அதிசிறந்த வீரரானார். இங்கே 36 நிமிடப் பெருக்கலும் நமக்கு உதவியிருக்காது என்பதைக் கவனி: அதன்படியும் கார்ட்டர்-வில்லியம்ஸ்தான் வெகுதூரம் முன்னே நிற்கிறார். எண்ணிக்கை ஒருவரின் இன்றைய வேலையைச் சொல்லும். பதினெட்டு வயதில் இன்னும் வளர்ந்துகொண்டிருந்த ஒரு பையனின் நீண்ட கைகளையும், மாதத்துக்கு மாதம் அவன் கற்றுக்கொண்ட வேகத்தையும் பார்த்து எழுத ஒரு மனிதர் பக்கத்தில் இருக்க வேண்டும். அந்த மனிதராக உன்னை அங்கே வைத்திருக்கிறார்கள்.

என்.பி.ஏ.வில் காலக்கெடுவும் கொடியது. முதற் சுற்றில் தெரிவான ஒருவரின் மூன்றாம் ஆண்டு ஒப்பந்தத்தைத் தொடர்வதா என்பதை, அவர் ஒரேயொரு பருவம் ஆடி முடித்த பின் வரும் ஒக்டோபர் இறுதிக்குள் அணி தீர்மானித்துவிட வேண்டும். கனடாவில் நீங்கள் கொண்டாடும் ஸ்டீவ் நாஷ், கெவின் ஜோன்சனுக்கும் பின்னர் வந்த ஜேசன் கிட்டுக்கும் பின்னால் நின்று, தமது முதற் பருவத்தில் பத்தரை நிமிடமும் 3.3 புள்ளியும் கண்டவர். போர்ட்லண்டில் நான்கு ஆண்டுகள் பெரும்பாலும் வாங்கிலிருந்த ஜேர்மெய்ன் ஓ'நீல் 2000இல் இந்தியானாவுக்குப் போய், 12 நிமிடம் 33 நிமிடமானதும் ஆட்டத்துக்கு 12.9 புள்ளியும் 9.8 ரீபவுண்டும் எடுத்தார்.

இதையெல்லாம் நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. அதை உனக்கு இதுவரை சொன்னதில்லை. நம் ஊரில் கூடைப்பந்தாட்டத்தை வளர்த்தவர்கள் அமெரிக்காவிலிருந்து வந்த இயேசு சபைத் துறவிகள். புனித மிக்கேல் கல்லூரிப் பிள்ளைகளைப் பயிற்றுவித்த யூஜின் ஹேபியர் அடிகளார் 1990 ஆகஸ்ட் 15இல் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில் காணாமற்போனார். அதன் பின்னான ஆண்டுகளில் பாடசாலைகளில் பந்தைக் கையிலெடுத்த பலர் என்னைப் போல, ஆர்வம் மட்டும் உள்ள, பயிற்சி பெறாத ஆசிரியர்கள். என் அணிக்கு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையிலிருந்து ஒரு பையன் வந்தான். மண்முனைத் துறையில் பாலம் வராத காலம். 'பாதை' என்று நாம் சொல்லும் மிதவையில் ஏறித்தான் வாவியைக் கடக்க வேண்டும். அதனால் மாலைப் பயிற்சி முடியும் முன்பே புறப்பட்டுவிடுவான். நான் அவனை வென்றோ தோற்றோ முடிவான ஆட்டங்களின் கடைசி இரண்டு மூன்று நிமிடங்களில் மட்டும் இறக்கினேன். பந்து கைக்கு வந்ததும் எறிந்துவிடுவான். குறிப்பேட்டில் "அவசரக்காரன், கூட்டாக ஆடத் தெரியாது" என்று எழுதினேன். அடுத்த வருடம் அவன் வரவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு அந்தக் குறிப்பேட்டை எடுத்துக் கூட்டிப் பார்த்தேன். பருவம் முழுவதிலும் அவன் விளையாடியது 31 நிமிடம். ஓர் ஆட்டம்கூட நிறையவில்லை. இரண்டு நிமிடம்தான் தருவார்கள் என்று தெரிந்த பிள்ளை, அதற்குள் கண்ணில் படுவதற்காக எறியாமல் வேறு என்ன செய்வான்? நான் எழுதியது அவனைப் பற்றியதன்று; நான் கொடுத்த இரண்டு நிமிடத்தைப் பற்றியது. இன்று நினைத்தாலும் நெஞ்சு கனக்கிறது.

ஆகவே அந்தப் பிள்ளையின் பக்கத்தை இப்படித் தொடங்கு: 120 நிமிடம் விளையாடினாள், அது மூன்று முழு ஆட்டம். அதில் எத்தனை நிமிடம் ஆட்டம் சமநிலையில் இருந்தபோது கிடைத்தது, யாருடன் நின்றாள், யாரைக் காவல் செய்தாள் என்பதை எழுது. பிறகு நீ பயிற்சியில் கண்ணால் கண்டதை எழுது; பயிற்சியில் அவளுக்கு 120 நிமிடமல்ல, நூறு மணித்தியாலத்துக்கு மேல் கிடைத்திருக்கும். கடைசியில், அடுத்த பருவத்துக்கு ஒரு கோரிக்கை வை. ஃப்ரெட் வான்வ்லீட்டை 2016 ட்ராஃப்டில் எவரும் எடுக்கவில்லை. ரொறன்ரோ அவரை முதல் வருடத்தில் எட்டு நிமிடம் மட்டுமே ஆடவிட்டாலும், மிசிசாகாவிலுள்ள தன் வளர்ப்பு அணிக்கு அனுப்பி நீண்ட நேரம் விளையாட வைத்தது. 2019 இறுதித் தொடரின் கடைசி ஆட்டத்தில் அவர் 22 புள்ளி எடுத்தது உன் கண்முன் நடந்தது. உங்களுக்கு வளர்ப்பு அணி இல்லை. ஆனால் பருவத்துக்கு முந்தைய நட்பு ஆட்டங்கள் உண்டு. அவற்றில் நான்கில் அவளை முதல் ஐவரோடு 20 நிமிடம் நிறுத்திப் பார்க்கக் கேள்.

20 ஆட்டங்களின் தாள்களையும் எனக்கு அனுப்பிவை. யார் யாருடன் எத்தனை நிமிடம் நின்றாள் என்பதை நான் கையால் கணக்கெடுத்து, ஒரு கிழமைக்குள் திருப்பி அனுப்புகிறேன். அம்மா சுகமாக இருக்கிறா. உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னா.

அன்புடன்,
அப்பா